முதுகு காட்டுபவன்

அவனுக்குக் கொடுத்த வேலை எளிது.
கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.
எங்கிருந்தோ உயர்ந்து வரும் பந்தை நெஞ்சில் வாங்கி
ஓடி வருகிற வேறொருவனுக்கு வைத்துவிட வேண்டும்.
புறமுதுகை வசையாகப் பாடிய மொழியில் இருந்துகொண்டு
இதை நான் எப்படிப் புகழ்வது?

மெல்கெர் கிரானெ.
கடைசி எழுத்தை உதடு குவித்து 'எ' என்று சொல்லிப் பாருங்கள்,
கிட்டத்தட்ட வந்துவிடும்.
அவர்கள் எழுத்தில் அது ஒரு வட்டம், தலையில் இரண்டு புள்ளி.
தனியே எழுதினாலும் அதற்குத் தீவு என்று பொருள்.
நாம் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போகும்;
அங்கே புள்ளி வைத்தால் வேறோர் உயிர் வரும்.

ஊமே ஆற்றங்கரையில் ஓர் ஊர்.
மார்ச்சிலும் பனி கிடக்கும், ஆரஞ்சு நிறப் பந்தில் ஆடுவார்கள்.
பத்தொன்பது வயதில் அவனை ஹாலந்துக்கு விற்ற காசில்
ஊர் கிளப் நான்கு விளக்குக் கம்பங்கள் நட்டது.
ஒன்று இன்றுவரை எரியவில்லை.

அயல்மொழியில் அவன் முதலில் கற்றது வணக்கம் அல்ல,
பின்னால் ஆள் வருகிறான் என்பதற்கான சொல்.
ஊரில் 'ரிக்!' என்று கத்துவார்கள். முதுகு.
ஹாலந்தில் 'ரூக்!' அதுவும் முதுகுதான்,
மழை மட்டும் வேறு.
இத்தாலியில் 'உவோமோ!' மனிதன்.
எந்த மனிதன் என்று முதல் வாரம் திரும்பிப் பார்த்தான்.
அதற்குள் பந்து போயிருந்தது,
கணுக்காலும்.

அங்கேதான் சட்டை அச்சடித்தவர் புள்ளிகளை விட்டுவிட்டார்.
கிரானோ என்றால் அவர்கள் மொழியில் கோதுமை.
வடக்குப் படிக்கட்டு மாவுமில் தொழிலாளர்கள்
பை பையாகக் கொண்டுவந்து மைதானத்தில் வீசினார்கள்.
கேலிதான்.
பதினோரு ஆட்டம், கோல் இல்லை.
'இது முளைக்காத கோதுமை' என்றது உள்ளூர்ப் பத்திரிகை.

சட்டை துவைக்கும் ஓர்னெல்லா மட்டும் கேட்டாள்,
உன் பெயரில் ஏதோ குறைகிறதாமே?
காயத்துக்குச் சுற்றும் வெள்ளை நாடாவில்
இரண்டு வட்டம் வெட்டித் தைத்துக் கொடுத்தாள்.
ஒன்று சற்றுப் பெரிது.

அந்த ஞாயிறு, எண்பத்தெட்டாம் நிமிடம்.
அக்கா எம்ப்லா மரம் ஏற்றிய லாரியை ஓரங்கட்டிவிட்டு
நின்று நின்று வரும் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சொந்த அணிக்காரன் கண்மண் தெரியாமல் உதைத்த பந்து
நேரே இவன் முகத்துக்கு வந்தது.
பயந்துபோய்
வாழ்க்கையில் ஒருமுறை கோலைப் பார்த்துத் திரும்பினான்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
முதுகில் பட்டது. பெயரின் மேலேயே பட்டது.
உள்ளே போனதை இரைச்சல்தான் அவனுக்குச் சொன்னது.
எம்ப்லாவின் போனில் படம் நின்றிருந்தது:
குனிந்த ஒருவன், அடிக்குக் காத்திருப்பவன் போல.

ஏப்ரல் மழைக்குக் கோல் வலைக்குப் பின்னால்
பச்சையாக ஏதோ வரிசை கட்டியது.
களைப்புல் என்றார்கள் முதலில்.
கோதுமை.
புல்வெட்டுகிறவர் திட்டிக்கொண்டே வெட்டினார்.

பிறகு கிரீஸ், வோலோஸ். 'பிளாத்தி!' மறுபடி முதுகு.
கடல் பார்த்த வீடு, மூன்று மாதம் வராத சம்பளம்.
டாக்டர் விலாஹு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
எலும்புகளை விரலால் எண்ணிக்கொண்டு வந்து
நாலாவதில் நிறுத்தினார்.
உங்களுக்கு முப்பத்திமூன்று என்று எழுதியிருக்கிறது,
இது அறுபது வயது ஆளுடைய முதுகு.
சரிதான் என்றான் அவன்,
என்னைவிட அதிகம் உழைத்தது அதுதானே.

இருநூற்று நாற்பத்திரண்டு ஆட்டம், முப்பத்தொரு கோல்.
மற்றவர்கள் அடிக்க இவன் வைத்துக்கொடுத்ததற்குக்
கணக்கு இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

ஓர்னெல்லாவின் சட்டையை மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறான்.
வோலோஸ் சலவை இயந்திரம்
ஒரு புள்ளியைத் தின்றுவிட்டது, சின்னதை.
இப்போது அந்த எழுத்தை அவன் மொழியில் படிக்க முடியாது.
இத்தாலியர்களுக்கும் அது கோதுமை இல்லை.
ஒற்றைப் புள்ளி தாங்கிய எழுத்துக்கு
நம்மிடம் ஒரு பெயர் உண்டு.

மெய்.
அதற்கு உடம்பு என்றும் பொருள்.